சொல்லலாமா வேண்டாமா என்று நின்ற பத்து நிமிடம்: பெண்கள் வார்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நான் நர்சிங் கல்லூரி ஒன்றில் ஆசிரியை. அதற்கு முன் ஒன்பது வருடம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். இங்கே எழுதுவது தமிழ்நாட்டின் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பெண்கள் பொது மருத்துவ வார்டில் நடந்தது. எந்த ஊர், எந்த மருத்துவமனை, யார் யார் என்ற விவரங்கள் வேண்டாம். சிஸ்டர், மாணவி, பாட்டி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். சிஸ்டரிடமும் மாணவியிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். மாணவி உடனே சரி என்றாள். சிஸ்டர் ஒரு நிபந்தனை வைத்தார்: "என்னை நல்லவளாக்கி எழுதாதீங்க மேடம். நடந்தது நடந்தபடி எழுதுங்க."

அன்று காலை

நாற்பது படுக்கை உள்ள வார்டு. அன்றைய கணக்கில் 57 நோயாளிகள். மீதிப் பேர் கட்டில்களுக்கு நடுவிலும் வராண்டாவிலும் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். காலை ஷிஃப்ட்டுக்கு இரண்டு ஸ்டாஃப். எட்டு மணிக்கே ஐ.சி.யூ.வில் ஆள் இல்லை என்று ஒருவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் மருந்து கேட்கும் பட்டியலோடு (இன்டென்ட்) ஸ்டோருக்குப் போனவர், அங்கிருந்து ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டார். ஆக, பதினொரு மணி வரை வார்டில் இருந்தது ஒரே ஒரு சிஸ்டர். அவரோடு என் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எட்டுப் பேர், ஆறு பெண்கள், இரண்டு பையன்கள். அவர்களுக்கு அது மூன்றாவது வாரம்.

பதினான்காம் படுக்கையில் ஒரு பாட்டி. சர்க்கரை நோய், காலில் புண், காய்ச்சல். 7.40-க்கு சிஸ்டர் வழக்கம்போல இன்சுலின் போட்டார். எட்டு மணிக்குள் காலைச் சாப்பாடு வந்துவிடும் என்பதுதான் கணக்கு. ஆனால் முந்தின இரவு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) ஒருவர், காலையில் வயிற்று ஸ்கேன் இருக்கிறது, ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று பாட்டியின் மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கேஸ் ஷீட்டில் அது ஏறவில்லை. இரவு சிஸ்டருக்குத் தெரியாது, அதனால் ஷிஃப்ட் மாறும்போது சொல்லும் ஹேண்ட் ஓவரிலும் வரவில்லை. மகள் சொன்னதைச் சரியாகக் கேட்டு அம்மாவைப் பட்டினி போட்டிருந்தார். இன்சுலின் உள்ளே போயிருந்தது, இட்லி போகவில்லை.

இப்போது மாணவியின் காலைப் பொழுது. 8.20-க்கு அவள் பி.பி. கஃப் எங்கே என்று கேட்டாள். சிஸ்டர் ஊசி மருந்து கலந்துகொண்டே, "எல்லாத்தையும் நானே சொல்லணுமா? கண்ணு எதுக்கு இருக்கு?" என்றார். சுற்றிலும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். 9.10-க்கு ஒரு நோயாளிக்கு ட்ரிப்ஸ் முடிந்துவிட்டது என்று சொல்லப் போனாள். "கையில என்ன இருக்குன்னு பார்த்தாலே தெரியலையா? அங்க வெச்சிட்டுப் போ, அங்க போய் நில்லு." வைப்பதற்கு அவள் கையில் எதுவுமே இல்லை. சிஸ்டர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்பது அந்த வாக்கியத்திலேயே தெரிகிறது.

10.05. ஃபேனுக்கு நேர் கீழே படுத்திருந்த பாட்டிக்கு வியர்த்துக் கொட்டுவதை மாணவி பார்த்தாள். கையைத் தொட்டால் ஜில்லென்று ஈரம். கூப்பிட்டால் ஏதோ குழறுகிறார். சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்பதை அவள் வகுப்பில் படித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள். தெரியாமல் இல்லை. மேஜைக்குப் போனாள். சிஸ்டர் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார். அவள் நின்றாள்.

அன்றிரவு தினக்குறிப்பில் இப்படி எழுதியிருந்தாள்: "சிஸ்டர் எழுதி முடிக்கட்டும் என்று நின்றேன். ஒரு பக்கம் முடிந்தது, அடுத்த பக்கத்துக்குப் போனார். இப்போது சொன்னால் மூன்றாவது தடவை ஆகிவிடும் என்று நினைத்தேன்."

10.15-க்கு நான் வார்டுக்குள் நுழைந்தேன். என்னிடம் வந்து, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல மெல்லிய குரலில், "மேடம், பதினாலாவது பெட் பாட்டி சரியா இல்லை" என்றாள். குளுக்கோமீட்டரில் 46 காட்டியது, ஆபத்தான அளவுக்குக் குறைவு. அதற்கப்புறம் சிஸ்டர் செய்ததை நான் சொல்லியாக வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். டியூட்டி டாக்டர் வந்து சேர்வதற்குள் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏற ஆரம்பித்திருந்தது. ஒரு கை மருந்தில், இன்னொரு கை பாட்டியின் கன்னத்தில். "பாட்டி, இங்க பாருங்க, என்னைத் தெரியுதா? மகள் பேரு என்ன, சொல்லுங்க" என்று பேசிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பாட்டி கண்ணைத் திறந்து, வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை நன்றாக ஏறியிருந்தது.

அப்புறம் சிஸ்டர் மாணவியின் பக்கம் திரும்பினார். "பத்து நிமிஷமா நின்னியா? வாயில என்ன வெச்சிருந்தே?"

அவள் அழுதுவிட்டாள். எனக்கும் கோபம் வந்தது. முதலில் சிஸ்டர் மேல், உடனே மாணவி மேல், மாலையில் வீட்டுக்குப் போன பிறகு என் மேல். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. தாளில் அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் எட்டரையிலிருந்து பத்தேகால் வரை நான் மாடியில் இன்னொரு பேட்ச்சின் லாக் புக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பயமில்லாமல் பேசக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் அங்கே இல்லை.

எட்டு அரைத்தாள்கள்

இரண்டு நாள் கழித்து எட்டுப் பேரையும் உட்காரவைத்து, பெயர் போடாமல் அரைத்தாளில் எழுதச் சொன்னேன். கேள்வி ஒன்றுதான்: இந்த வார்டில் வேலை செய்யும் சிஸ்டர்களைப் பற்றி நீங்கள் கவனித்தது என்ன? எது சரி, எது தப்பு என்று எழுத வேண்டாம், கண்ணில் பட்டதை எழுதுங்கள் என்றேன்.

நான் எதிர்பார்த்தது ஒரே புகாரின் எட்டுப் பிரதிகள். அந்தப் பேட்ச்சில் அந்த சிஸ்டருக்கு 'டெரர் சிஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். ஆனால் தாள்கள் வேறு மாதிரி இருந்தன. மூன்று பேர் எதிர்பார்த்தபடியே எழுதியிருந்தார்கள். சிடுசிடுப்பு, கத்தல், "எங்களைப் பிடிக்காது", "எதற்கு இந்தப் படிப்பில் சேர்ந்தோம் என்று இருக்கிறது". ஒருத்தி, சிஸ்டர் பையன்களை "தம்பி" என்று கூப்பிடுகிறார், எங்களை "ஏய்" என்கிறார் என்று எழுதியிருந்தாள். நான் தினமும் அந்த வார்டில் இருந்தும் இது என் காதில் விழுந்ததே இல்லை. நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேனோ என்று அன்று முழுக்க யோசித்தேன்.

ஒரு தாளில்: "எங்கள் அம்மா ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறார். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் அன்று நாங்கள் அம்மாவிடம் பேச மாட்டோம். சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகுதான் பேசுவோம். சிஸ்டர் முகம் அந்த மாதிரி இருக்கிறது. ஆனால் அம்மாவுக்குத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்."

இன்னொருத்தி ஓர் அடையாள அட்டையைக் கவனித்திருந்தாள். "சிஸ்டர் ஐ.டி. கார்டைப் பின்பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார். பெயர் தெரியக் கூடாது என்று நினைக்கிறார். நோயாளிகளிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள்."

என்னை நிறுத்தியது கடைசித் தாள். நான்கே வரி. "சிஸ்டருக்குக் கோபம் வருவது யாரிடம் என்று பார்த்தேன். டாக்டர் லேட்டாக வந்தபோது வரவில்லை. லேப் ரிப்போர்ட்டைத் தொலைத்தவரிடம் வரவில்லை. எங்களிடமும், பாயில் படுத்திருக்கிற நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமும்தான் வந்தது."

இருபது வயதுப் பிள்ளை எழுதியது. பணிச்சுமையைப் பற்றி நான் கேட்ட எத்தனையோ உரைகளில் இந்த விஷயத்தை யாரும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

சிஸ்டர் சொன்னது

சிஸ்டரோடு பேசியது கேன்டீனில், அவருடைய ஷிஃப்ட் முடிந்த பிறகு. வாங்கின டீ ஆறி ஆடை கட்டும்வரை தொடாமலே பேசினார். குடிக்க மறந்துபோவது பழகிவிட்டது என்றார்.

அவர் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி வந்தவர். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் ஆகிவிடும் என்று நம்பிச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்த செவிலியர்கள் கூடிப் போராடினார்களே, அங்கே இவரும் தரையில் உட்கார்ந்திருந்தார். நிரந்தரம் கிடைத்தது அதற்கெல்லாம் பின்னால். "சம்பளத்துல இப்ப குறை சொல்ல மாட்டேன் மேடம். ஆளுதான் இல்லை."

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர். அன்று காலை 57-க்கு ஒருவர். இந்த எண்களை நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன், மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அதே மாணவர்கள் வார்டில் நின்றபோது ஒருவருக்கும் 57-ஐ எண்ணத் தோன்றவில்லை. அவர்கள் பார்த்தது முகத்தை. எண்ணிப் பார்க்கச் சொல்லி நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் இல்லை.

ஐ.டி. கார்டு விஷயத்தைக் கேட்டேன். சில மாதங்களுக்கு முன் ஒரு நோயாளியின் சொந்தக்காரர், மருந்து தாமதம் என்று சண்டை போட்டு, மொபைலில் படம் பிடித்திருக்கிறார். அவர் கத்தியது வீடியோவில் இல்லை, சிஸ்டர் பதிலுக்குக் கத்தியது மட்டும் இருக்கிறது. கார்டில் இருந்த பெயரோடு அது வாட்ஸ்அப்பில் சுற்றி, சிஸ்டரின் மகன் படிக்கும் பள்ளிக்கூடம்வரை போய்விட்டது. வார்டு வாசலில், மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை என்று பலகை மாட்டியிருக்கிறது. இதற்கு அந்தப் பலகையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றிலிருந்து கார்டு திரும்பியே இருக்கிறது. மாணவி கண்ணுக்கு அது மரியாதைக் குறைவாகத் தெரிந்தது. அவள் பார்த்ததில் பிழை இல்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

காலை 5.10 பஸ். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரம். ஏழு மணிக்கு வார்டுக்குள் வந்தால் ஒரு மணிவரை கழிவறைக்குப் போக நேரம் இருக்காது என்று தண்ணீரே குடிப்பதில்லை. அதனால் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்திருக்கிறது. வார்டில் எழுத வேண்டிய ரெஜிஸ்டர்கள் பதினான்கு, இன்சூரன்ஸ் தாள்கள் தனி. மாணவி நின்றுகொண்டிருந்த அந்தப் பத்து நிமிடமும் சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தது, அடுத்த வாரம் வரப்போகும் ஆய்வுக் குழுவுக்காகப் பழைய தேதிகளில் விட்டுப்போன பதிவுகளைத்தான்.

"அவ நின்னது எனக்குத் தெரியும் மேடம்" என்றார் கடைசியில். "நிழல் விழுந்துச்சு. இன்னொண்ணைக் கேட்டா என்னால முடியாதுன்னு நிமிரல."

எட்டுத் தாள்களையும் படிக்கக் கேட்டார். மாணவர்களிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். மில் தொழிலாளியின் மகள் எழுதியதை இரண்டு முறை படித்தார். நான்கு வரித் தாளைப் படித்துவிட்டு மடித்து மேஜையில் வைத்தார். "இது நிஜம். டாக்டர்கிட்ட கோபப்பட்டா நாளைக்கு மெமோ வரும். இதுங்ககிட்ட கோபப்பட்டா என்ன வரும்?" என்றார். யார் எழுதினார்கள் என்று கேட்கவில்லை.

நான் இதை எப்படிப் புரிந்துகொள்கிறேன்

லண்டனில் ஒரு பயிற்சி மருத்துவமனையை ஆராய்ந்து இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1960-இல் எழுதிய கட்டுரையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நோய், வலி, சாவு இவற்றின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பது மனிதர்களுக்குள் பெரிய கலக்கத்தை உண்டாக்குகிறது. அதைத் தாங்க மருத்துவமனை தனக்கென்று சில பழக்கங்களை உண்டாக்கிக்கொள்கிறது. நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலும் உறுப்பாலும் குறிப்பிடுவது, ஒரு மனுஷியைக் கவனிப்பதைப் பல துண்டு வேலைகளாக வெட்டிப் பலரிடம் கொடுப்பது, உணர்ச்சியைக் காட்டாதே என்று கற்றுக்கொடுப்பது. இவை கலக்கத்தைக் குறைப்பதுபோலத் தெரிந்தாலும் உள்ளே அதைக் கூட்டத்தான் செய்கின்றன என்றார் அவர். அந்த மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்த மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலே போனார்கள். "பதினாலாவது பெட் பாட்டி" என்று என் மாணவி சொன்னதும், பாட்டியின் பெயர் இந்த நிமிடம்வரை எனக்கு ஞாபகம் வராததும், அந்தப் பழக்கம் எவ்வளவு சீக்கிரம் தொற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டுகின்றன.

வேலையில் எரிந்து தீர்ந்துபோவதை அளக்க கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் கொண்டுவந்த அளவுகோல் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் போவது, நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதைப் பணியிடத்தில் உண்டாகும் நிலை என்று வரையறுத்தது, நோய் என்று சொல்லவில்லை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. நோய் என்றால் சிஸ்டரை மாத்திரை சாப்பிடச் சொல்லிவிட்டு வார்டை அப்படியே விட்டுவிடலாம்.

ஆனால் சுமை என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. சுமையால் கோபம் வருகிறது, சரி. அது எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சுமை முடிவு செய்வதில்லை. யாரிடம் காட்டினால் திருப்பி அடிக்காதோ அவர்களிடம் போகிறது. மாணவர்கள் கற்றுக்கொள்வது இந்தப் பாதையைத்தான். இன்றைக்கு வாங்கிக்கொள்பவர் நாளைக்குக் கொடுக்கலாம் என்ற கணக்கு வார்டுகளில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமியார் மருமகள் கதை மாதிரி. நானும் முதல் வருடம் ஓர் இன்சார்ஜிடம் நடுங்கியவள். பின்னால் எனக்குக் கீழே வந்த பிள்ளைகளிடம் அதே குரலில் பேசியிருக்கிறேன். அப்போது அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டிக்கு நடந்ததை வைத்துப் பார்த்தால் இது பண்பாடு பற்றிய கவலை மட்டும் இல்லை. ஒரு மாணவிக்கு விடை தெரிந்திருந்தும் பத்து நிமிடம் அது வாயைவிட்டு வரவில்லை. சர்க்கரை 46-இல் இருக்கும் மூளைக்குப் பத்து நிமிடம் சின்ன விஷயம் அல்ல.

என்ன செய்தோம்

பெரிதாக எதுவும் செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை. சாப்பிடக் கூடாதவர்களின் பட்டியல் இப்போது வார்டின் வெள்ளைப் பலகையில் இருக்கிறது. ஹவுஸ் சர்ஜனே தன் கையால் எழுத வேண்டும். சாப்பாட்டுத் தட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இன்சுலின். இரண்டையும் சொன்னது சிஸ்டர்தான். இரண்டும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்துவிட்டன.

மாணவர்கள் பேசும் முறையை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நான்கு பகுதியாகத் தகவல் சொல்லும் எஸ்.பி.ஏ.ஆர். முறையை நாங்கள் வகுப்பில் நடத்துகிறோம். 57 பேர் இருக்கும் வார்டில் நான்கு பகுதியைக் கேட்க ஒருவருக்கும் நேரம் இல்லை. அதனால் சிஸ்டரும் நானும் சேர்ந்து ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டோம்: "அவசரம்". அந்தச் சொல்லோடு ஒரு மாணவர் வந்தால் சிஸ்டர் நிமிர்ந்தே ஆக வேண்டும், அது தப்பான எச்சரிக்கையாக இருந்தாலும் திட்டக் கூடாது. மற்ற சந்தேகங்களைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு மேல் கேட்பது. முதல் வாரம் இரண்டு தப்பான எச்சரிக்கைகள். சிஸ்டர் இரண்டுக்கும் எழுந்து வந்தார். இரண்டாவது தடவை அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பயந்தேன். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம், நான் மாடிக்குப் போவதை நிறுத்தினேன். எட்டிலிருந்து பத்துவரை வார்டில்தான் இருப்பேன். லாக் புக்கைக் கையோடு கொண்டுவந்துவிடுவேன்.

மாணவர்களை ஒரு காலை முழுக்க ஆளுக்குப் பதினைந்து நிமிடம் சிஸ்டரின் பின்னாலேயே நடக்கவைத்தேன். யாராவது கூப்பிட்டால் நோட்டில் ஒரு கோடு. பத்து மணிக்குள் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. 'டெரர் சிஸ்டர்' என்ற பெயர் அதற்குப் பிறகு என் காதில் விழவில்லை. ஆனால் அவர்களில் ஒருவன் வந்து, "மேடம், எனக்கு இந்த வேலை வேண்டாம்னு தோணுது" என்றான். பயத்தை எடுத்துவிட்டு நிஜத்தைக் காட்டினால் எல்லாரும் தைரியமாகிவிடுவார்கள் என்று நான் நினைத்தது சரியில்லை. 

ஆள் கேட்டு இன்சார்ஜ் சிஸ்டர் கொடுத்த கடிதத்துக்கு நான் இதை எழுதும்வரை பதில் இல்லை. காலை ஷிஃப்ட்டில் இன்னும் இரண்டு பேர்தான், பல நாள் ஒருவர்.

இரண்டு வருடம் கழித்து

அந்த மாணவி இப்போது இறுதியாண்டு. போன மாதம் ஒரு மாலை என் அறைக்கு வந்து கதவோரம் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காலையில் அவள் டிராலி தள்ளிக்கொண்டு போனபோது முதலாண்டுப் பெண் ஒருத்தி ஏதோ கேட்டிருக்கிறாள். இவள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்லியிருக்கிறாள்.

"என்ன சொன்னே?"

"'அங்க வெச்சிட்டுப் போ'ன்னு சொன்னேன் மேடம். அவ கையில எதுவும் இல்லை."

அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே வார்டுக்குப் போய்க் கேட்டு வந்திருக்கிறாள். அந்தப் பெண் முந்தின நாள் கேட்க வந்தது என்ன என்றும் கேட்டிருக்கிறாள். நோயாளி ஒருவருக்கு ட்ரிப்ஸ் போட்ட கை வீங்கியிருந்ததாம்.